இது யாருடைய செல்? உறுப்பு மாற்றும் நிராகரிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும், அவர்களுக்கு உறுப்பு தர முன்வரும் வீட்டாரும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நின்றபடியே அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு, இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாமே என்று பிறகு வருந்தியிருக்கிறேன். அந்த விளக்கங்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். உங்கள் சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் சொல்வது எளிதில் புரிய இது உதவும்.

செல்லின் மேல் அடையாளம் இருக்கிறது என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு செல்லையும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று சுற்றியிருக்கிறது. அந்தப் படலம் மொட்டையாக இருப்பதில்லை. விதவிதமான புரதங்களும் சர்க்கரைச் சங்கிலிகளும் அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சில, ஹார்மோனைப் பிடிக்கும். சில, பக்கத்துச் செல்லைப் பற்றிக்கொள்ளும். இது யாருடைய செல், என்ன வகைச் செல், இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று வெளியே காட்டிக்கொடுப்பவையும் இவைதான். அதனால் இவற்றைச் செல் மேற்பரப்பு அடையாளங்கள் என்கிறோம்.

உறுப்பு மாற்றில் மூன்று கூட்டங்கள் முக்கியம்: ரத்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைகள், எச்.எல்.ஏ (மனித வெள்ளணு அடையாளம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) புரதங்கள், அப்புறம் சி.டி என்று சொல்லி எண் போட்டு அழைக்கப்படும் அடையாளங்கள். முதல் இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும். மூன்றாவது கூட்டம் செல்லின் வகையைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. இந்த வித்தியாசம் பிடிபட்டாலே அறிக்கையில் உள்ள பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எச்.எல்.ஏ எதற்காக இருக்கிறது? இன்னொருவர் உறுப்பை விரட்டுவதற்காகவா?

இந்தக் கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இயற்கையில் ஒருவர் சிறுநீரகம் இன்னொருவர் உடலுக்குப் போனதே இல்லை. ஆகவே அதைத் தடுப்பதற்காக எந்தப் புரதமும் உருவாகியிருக்க முடியாது. எச்.எல்.ஏவின் உண்மையான வேலை, செல்லுக்குள் நடப்பதை வெளியே காட்டுவது. வைரஸ் செல்லுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். ரத்தத்தில் திரியும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களால் செல்லுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அப்படியானால் உள்ளே திருடன் இருப்பது காவலுக்கு எப்படித் தெரியும்? செல்லே காட்டிக்கொடுக்கிறது. தனக்குள் உருவாகும் எல்லாப் புரதங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் நறுக்கி, எட்டு முதல் பத்து அமினோ அமிலம் நீளமுள்ள சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு எச்.எல்.ஏ மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே நீட்டுகிறது. காவலுக்கு வரும் டி செல் என்ற வெள்ளணு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறது. வழக்கமான துண்டுதான் என்றால் நகர்ந்துவிடும். வைரஸின் துண்டு என்றால் அந்தச் செல்லையே கொன்றுவிடும்.

டி செல் துண்டை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, தன் உடலின் எச்.எல்.ஏவோடு சேர்த்துத்தான் பார்க்கிறது என்பதை 1974-இல் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். அதற்காக 1996-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பள்ளத்தின் வடிவம் 1987-இல் எக்ஸ்-கதிர்ப் படமாகவே வெளிவந்தது. முதல் முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுருள்கள், நடுவே பள்ளம், அதில் படுத்திருக்கும் ஒரு துண்டு. நம் உயிரைக் காக்கும் ஏற்பாடு அவ்வளவு எளிமையாக இருக்கிறது.

அப்படியானால் டி செல் நல்ல சிறுநீரகத்தை ஏன் தாக்குகிறது? அதில் வைரஸ் இல்லையே?

ஒவ்வொருவர் உடலிலும் டி செல்கள் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்றுத்தான் வெளியே வருகின்றன. சொந்த எச்.எல்.ஏவில் சொந்தத் துண்டைப் பார்த்தால் சும்மா இருக்க வேண்டும் என்பது பயிற்சி. சொந்த எச்.எல்.ஏவில் வேற்றுத் துண்டு இருந்தால் தாக்க வேண்டும். ஆனால் வேற்றாளின் எச்.எல்.ஏ எதிரே வந்தால் என்ன செய்வது என்று தைமஸ் சொல்லித் தருவதில்லை. புதிய உறுப்பின் செல்களில் அந்த எச்.எல்.ஏதான் நிறைந்திருக்கிறது. அது டி செல்லின் கண்ணுக்கு வைரஸ் பிடித்த சொந்தச் செல்லைப் போலத் தெரிந்துவிடுகிறது.

ஏதோ ஒரு வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். வேற்று எச்.எல்.ஏவைக் கண்டு கிளர்ந்தெழும் டி செல்களோ நூற்றுக்கு ஒன்று முதல் பத்து வரைகூட இருக்கலாம். நிராகரிப்பு அவ்வளவு வேகமாகவும் வலுவாகவும் வருவது இதனால்தான்.

நிராகரிப்பு வந்தவர்கள் ‘என் உடம்பே எனக்குத் துரோகம் செய்துவிட்டது’ என்று சொல்லி அழுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இத்தனை வருடம் உங்களைக் காய்ச்சலிலிருந்தும் தொற்றிலிருந்தும் காப்பாற்றிய அதே செல்கள், அதே வேலையைத்தான் இப்போதும் செய்கின்றன. அவற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டும் தேவை பெருகியது. கிளாஸ்கோவில் தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டினார்கள். முதல் முறை ஒட்டியது சில நாள் நன்றாக இருந்து பிறகு அழிந்தது. இரண்டாம் முறை அதே சகோதரரின் தோலை ஒட்டியபோது இன்னும் வேகமாக அழிந்தது. தாமஸ் கிப்சனும் பீட்டர் மெடாவரும் 1943-இல் இதை எழுதினார்கள். வெறும் ஒட்டாத தோல் என்றால் இரண்டு முறையும் ஒரே வேகத்தில்தானே அழிய வேண்டும்? உடல் முதல் முறையை நினைவில் வைத்திருக்கிறது என்றால், இது தடுப்பூசி போட்ட பின் நடப்பது போன்ற நோய் எதிர்ப்பின் வேலை என்று மெடாவர் புரிந்துகொண்டார்.

1945-இல் ரே ஓவன் கன்றுகளில் ஒரு விநோதம் கண்டார். கருப்பையில் ரத்த ஓட்டம் கலந்து வளர்ந்த இரட்டைக் கன்றுகள், ஒன்றின் ரத்தச் செல்களை மற்றொன்று வாழ்நாள் முழுக்க ஏற்றுக்கொண்டிருந்தன. கருவில் பழகியதை உடல் சொந்தம் என்றே எண்ணுகிறது. மெடாவரும் அவருடைய கூட்டாளிகளும் 1953-இல் எலிக் குட்டிகளில் இதைச் செய்தே காட்டினார்கள். கருவில் இருக்கும்போது வேற்று இன எலியின் செல்களைச் செலுத்தினால், வளர்ந்த பிறகு அந்த இனத்தின் தோலை அது ஏற்றுக்கொண்டது. 1960-இல் மெடாவருக்கும் மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே ஒரே கரு இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்தார். எந்த எதிர்ப்பு மருந்தும் இல்லாமல் அது வேலை செய்தது, ஏனென்றால் இருவர் செல்லிலும் ஒரே அடையாளங்கள். அந்த அடையாளம் எது என்ற விடை ஒரு பக்கம் எலிகளில் ஜார்ஜ் ஸ்னெல் செய்த ஆய்விலும், இன்னொரு பக்கம் பாரிஸில் ஜான் டோசே செய்த ஆய்விலும் கிடைத்தது. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரம் (ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிநீர்) மற்றவர்களின் வெள்ளணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரள வைப்பதை டோசே கவனித்தார். 1958-இல் முதல் எச்.எல்.ஏ இப்படித்தான் வெளிப்பட்டது. பெயரிலேயே மனித வெள்ளணு என்ற பொருள் ஒட்டிக்கொண்டது அதனால்தான். உண்மையில் உட்கரு உள்ள செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

அறிக்கையில் ஏ, பி, டி.ஆர் என்று எழுதி எண்கள் போட்டிருக்கிறது. அவை என்ன?

எச்.எல்.ஏ மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கம் பக்கமாக உள்ளன. ஏ, பி, சி மூன்றும் முதல் வகுப்பு. இவை அநேகமாக எல்லாச் செல்களிலும் இருக்கும். டி.ஆர், டி.கியூ, டி.பி இரண்டாம் வகுப்பு. இவை முக்கியமாக எதிர்ப்பு மண்டலத்தின் சில செல்களில் இருக்கும், ஆனால் வீக்கம் வந்தால் ரத்தக் குழாயின் உள்சுவரிலும் முளைத்துவிடும். ஒவ்வொன்றிலும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு இருப்பதால் எண்கள் ஜோடியாக வரும்.

மனிதர்களிடையே இந்த மரபணுக்களுக்குப் பல்லாயிரக்கணக்கான வடிவங்கள் பதிவாகியுள்ளன. இவ்வளவு மாறுபடும் மரபணு நம்மிடம் வேறு எதுவும் இல்லை. ஒரே வடிவம் எல்லோருக்கும் இருந்தால், அந்தப் பள்ளத்தில் உட்காராத துண்டுகள் கொண்ட ஒரு வைரஸ் மொத்தப் பேரையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆளுக்கொரு வடிவம் இருந்தால் சிலராவது பிழைப்பார்கள். உறுப்பு கிடைக்காமல் நம்மைத் தவிக்கவிடும் இந்த வேறுபாட்டுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

அண்ணன், தங்கை, அம்மா, யாருடையது நன்றாகப் பொருந்தும்?

எச்.எல்.ஏ மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பொதுவாகக் கட்டாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆகவே கணக்கு எளிது. பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதி பொருந்தும். உடன்பிறந்தவர்களுக்குள் முழுதும் பொருந்த 25 சதவீத வாய்ப்பு, பாதி பொருந்த 50 சதவீதம், எதுவுமே பொருந்தாமல் இருக்க 25 சதவீதம். கூடப் பிறந்தவரே பொருந்தவில்லை என்ற அறிக்கை வரும்போது சில குடும்பங்களில் முகங்கள் மாறிவிடும். அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை. நான்கில் ஒரு ஜோடிக்கு அப்படித்தான் அமையும்.

ரத்த வகை பொருந்தினால் போதாதா?

போதாது, ஆனால் அது முதல் வாசல். ஏ, பி என்ற ரத்த வகைச் சர்க்கரைகள் சிவப்பணுவில் மட்டும் இல்லை, ரத்தக் குழாயின் உள்சுவரிலும் இருக்கின்றன. நம்மிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி சின்ன வயதிலேயே நம் ரத்தத்தில் உருவாகிவிடுகிறது. பொருந்தாத உறுப்பை அப்படியே வைத்தால் குழாய்களிலேயே சண்டை தொடங்கிவிடும். ஆன்டிபாடிகளை முன்கூட்டியே வடிகட்டி எடுத்துவிட்டு வேறு ரத்த வகைச் சிறுநீரகத்தை வைக்கும் முறையும் இன்று நடைமுறையில் உள்ளது. கைக்குழந்தைகளுக்கு இந்த ஆன்டிபாடிகள் இன்னும் வளர்ந்திருக்காது என்பதால் வேறு ரத்த வகை இதயம்கூட வைக்கப்பட்டிருக்கிறது.

ரத்தம் ஏற்றும்போது மட்டும் ஏன் எச்.எல்.ஏ பார்ப்பதில்லை என்றும் கேட்பார்கள். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை, அதன் மேல் எச்.எல்.ஏ மிக மிகக் குறைவு.

கிராஸ்மேட்ச் என்றால் என்ன? எச்.எல்.ஏ பார்த்த பிறகும் அது ஏன்?

எச்.எல்.ஏ பரிசோதனை இருவர் செல்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும். கிராஸ்மேட்ச் கேட்பது வேறு கேள்வி: இந்தக் கொடையாளரின் செல்களைத் தாக்கும் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் இப்போதே தயாராக இருக்கிறதா? உங்கள் சீரத்தைக் கொடையாளரின் வெள்ளணுக்களோடு கலந்து பார்க்கிறோம். செல்கள் செத்தாலோ, ஆன்டிபாடி அவற்றில் ஒட்டியிருப்பது கருவியில் தெரிந்தாலோ, முடிவு பாசிட்டிவ்.

இந்தச் சோதனையின் அருமையை ஒரே கணக்கில் சொல்லலாம். 1969-இல் பட்டேலும் பால் தெராசாகியும் வெளியிட்ட ஆய்வில், கிராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்தும் சிறுநீரகம் வைக்கப்பட்ட 30 பேரில் 24 பேருக்கு அது உடனே செயலிழந்தது. நெகட்டிவாக இருந்த 195 பேரில் 8 பேருக்குத்தான் அப்படி ஆனது. அதன் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் சிறுநீரகம் வைப்பது என்பது நினைத்துப் பார்க்க முடியாததாகிவிட்டது.

இன்று அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு மணியிலும் ஒரே ஒரு எச்.எல்.ஏ பூசிய நுண்ணிய மணிகளில் உங்கள் சீரத்தைக் கலந்து, எந்தெந்த எச்.எல்.ஏவுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறது என்று பட்டியலே எடுத்துவிடுகிறோம். கொடையாளரின் எச்.எல்.ஏ தெரிந்தால், ரத்த மாதிரிகளைக் கலக்காமலேயே கிராஸ்மேட்ச் எப்படி வரும் என்று ஓரளவு கணிக்கவும் முடியும்.

எனக்கு இதுவரை உறுப்பு மாற்றே நடக்கவில்லை. ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது?

வேற்று எச்.எல்.ஏவை உடல் சந்திக்கும் வழிகள் மூன்று: முந்தைய உறுப்பு மாற்று, ரத்தம் ஏற்றுவது, கர்ப்பம். ஏற்றிய ரத்தத்தில் கலந்திருக்கும் வெள்ளணுக்களிலும் பிளேட்லெட்டுகளிலும் எச்.எல்.ஏ உண்டு. அதனால்தான் சிறுநீரக நோயாளிக்கு முடிந்தவரை ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்கிறார்கள். தவிர்க்க முடியாதபோது வெள்ளணு வடிகட்டிய ரத்தம் கொடுக்கிறார்கள். எத்தனை முறை ரத்தம் ஏற்றினீர்கள், கருக்கலைப்பு உட்பட எத்தனை முறை கர்ப்பமானீர்கள் என்று நாங்கள் கேட்பது வெறும் படிவம் நிரப்ப அல்ல. தயவுசெய்து எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணவர் மனைவிக்குச் சிறுநீரகம் தரலாமா?

தரலாம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். குழந்தையின் பாதி எச்.எல்.ஏ அப்பாவுடையது. கர்ப்பத்தின்போதும் பிரசவத்தின்போதும் குழந்தையின் செல்கள் தாயின் ரத்தத்தில் கலக்கும்போது, கணவரின் எச்.எல்.ஏவுக்கே எதிரான ஆன்டிபாடி மனைவிக்கு உருவாகியிருக்கலாம். பெற்ற பிள்ளை அம்மாவுக்குத் தர முன்வரும்போதும் இதே சிக்கல் வரலாம். மனைவி கணவருக்குத் தரும்போது இந்தக் கவலை இல்லை. யார் மீதும் குற்றம் இல்லாத இந்தக் காரணத்தை விளக்கிச் சொல்லாமல், பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெரிய கொடுமை.

அப்படியென்றால் குழந்தையையே ஏன் உடல் நிராகரிக்கவில்லை?

மருத்துவ அறிவியலின் அழகான கேள்விகளில் இது ஒன்று. நஞ்சுக்கொடியில் தாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்கள், வழக்கமாகச் சண்டையைக் கிளப்பும் எச்.எல்.ஏ-ஏ, பி ஆகியவற்றையும் இரண்டாம் வகுப்பையும் வெளியே காட்டுவதே இல்லை. முழுக்க மொட்டையாக இருந்தாலும் ஆபத்து, ஏனென்றால் எச்.எல்.ஏ இல்லாத செல்லைக் கொல்வதற்கென்றே இயற்கைக் கொல்லிச் செல்கள் இருக்கின்றன. அதனால் எச்.எல்.ஏ-ஜி என்ற அமைதி தரும் வகை ஒன்றை அவை காட்டி நிற்கின்றன. இன்னும் பல காரணங்கள் சேர்ந்துதான் பத்து மாதம் அந்த அமைதி நீடிக்கிறது.

சி.டி3, சி.டி4, சி.டி20 என்பவை என்ன?

செல்லின் வகையைச் சொல்லும் அடையாளங்கள். ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துக் குழம்பிக் கிடந்ததை 1982-இல் பாரிஸில் கூடிய ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்தி எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். சி.டி3 இருந்தால் அது டி செல். அதில் சி.டி4 இருந்தால் பொதுவாக உதவிச் செல், சி.டி8 இருந்தால் கொல்லும் செல். சி.டி20, ஆன்டிபாடி உருவாக்கும் வழிவந்த பி செல்லின் அடையாளம்.

நிராகரிப்பைத் தடுக்கும் மருந்துகள் இந்த அடையாளங்களைத்தான் குறிவைக்கின்றனவா?

சில அப்படி, சில வேறு வழி. டி செல் கிளம்புவதற்கு மூன்று படிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேற்று எச்.எல்.ஏவைத் தொட்டு, சி.டி3 வழியாக உள்ளே சேதி போக வேண்டும். அது மட்டும் போதாது. டி செல்லின் சி.டி28, எதிரே உள்ள செல்லின் சி.டி80 அல்லது சி.டி86-ஐப் பிடித்து உறுதி செய்ய வேண்டும். மூன்றாவதாக, சி.டி25 வழியாக வளர்ச்சிச் சேதி வந்தால்தான் செல் பெருகும்.

இந்த மூன்று படிகளிலும் மருந்து இருக்கிறது. சி.டி3-ஐப் பிடித்த ஓ.கே.டி3 என்ற மருந்து 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளிகளுக்கு அனுமதிக்கப்பட்ட முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்தே (ஒரே இலக்கைப் பிடிக்கும்படி ஆய்வகத்தில் தயாரித்த ஆன்டிபாடி) அதுதான். பக்கவிளைவு கடுமையாக இருந்ததால் இப்போது வழக்கத்தில் இல்லை. பெலட்டசெப்ட் இரண்டாம் படியை மறிக்கிறது. அறுவை சிகிச்சை நாளன்றும் நான்காம் நாளும் பலருக்குப் போடப்படும் பசிலிக்சிமாப், சி.டி25-ஐ மூடுகிறது. பி செல்லைக் குறைக்க சி.டி20-ஐக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் உண்டு.

தினமும் விழுங்கும் மாத்திரைகள் செல்லுக்குள் வேலை செய்பவை. டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் முதல் படியின் சேதி உட்கருவுக்குப் போய்ச் சேராமல் வழியில் நிறுத்துகின்றன. மைக்கோஃபீனோலேட் செல் பெருகத் தேவையான மூலப்பொருளைத் தடுக்கிறது. சைக்ளோஸ்போரின் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிலிருந்தும், டாக்ரோலிமஸ் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்தும் வந்தவை. 1980-களில் சைக்ளோஸ்போரின் வந்த பிறகுதான் இதயம், கல்லீரல் மாற்று எல்லாம் துணிந்து செய்யக்கூடிய சிகிச்சைகளாயின.

இந்த மருந்துகளால் வேற்று உறுப்பை மட்டும் பார்த்து ஒதுங்கு என்று டி செல்லிடம் சொல்ல முடியாது. வைரஸைப் பார்க்கும் கண்ணும் சேர்ந்து மங்கும். தொற்று நோய்களும், சில புற்றுநோய்களும், குறிப்பாகத் தோல் புற்றுநோய், கூடுதலாக வருவது இதனால்தான். முதலில் சொன்ன கதைதான்: வைரஸை விரட்டுவதும் வேற்று உறுப்பை விரட்டுவதும் டி செல்லுக்கு ஒரே வேலை.

நிராகரிப்பில் வகைகள் உண்டா?

உண்டு, மூன்றும் மூன்று விதம்.

முதல் வகை நிமிடங்களிலோ மணிக்கணக்கிலோ வரும். ரத்தத்தில் தயாராக இருந்த ஆன்டிபாடி, ரத்தக் குழாய் இணைப்பைத் திறந்ததுமே உறுப்பின் குழாய்ச் சுவரில் ஒட்டி, உறையவைத்து, உறுப்பைக் கறுக்கச் செய்துவிடும். கிராஸ்மேட்ச் வந்த பிறகு இது மிக அரிதாகிவிட்டது.

இரண்டாவது, தீவிர நிராகரிப்பு. முதல் சில மாதங்களில் அதிகம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் வரலாம். டி செல்கள் உறுப்புக்குள் நுழைந்து திசுவைத் தாக்குவது ஒரு முகம். புதிதாக உருவான ஆன்டிபாடி குழாய்களைத் தாக்குவது இன்னொரு முகம். முதல் முகத்தை ஸ்டீராய்டு ஊசியால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். இரண்டாவதை அடக்குவது கடினம்.

மூன்றாவது, ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் நடக்கும் நாட்பட்ட நிராகரிப்பு. குழாய்கள் தடித்து, திசு தழும்பாகி, உறுப்பு மெல்ல ஓய்ந்துபோகும். எங்கள் துறையை இன்றும் தூங்கவிடாமல் வைத்திருப்பது இதுதான். இதன் பின்னால் கொடையாளரின் எச்.எல்.ஏவுக்கு, முக்கியமாக டி.கியூவுக்கு, எதிராகப் புதிதாக முளைத்த ஆன்டிபாடியைப் பல நேரம் காண்கிறோம்.

நிராகரிப்பு வந்திருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது, ரத்தப் பரிசோதனைக்குத்தான் தெரியும். காய்ச்சல், உறுப்பு இருக்கும் இடத்தில் வலி, சிறுநீர் குறைவது, கால் வீங்குவது இவையெல்லாம் வரலாம், வராமலும் போகலாம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியிருக்கிறதே என்று அழைத்தால், ‘நான் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று சொல்லி வராமல் இருந்துவிடாதீர்கள். உறுதி செய்வது பயாப்ஸி, அதாவது உறுப்பில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனை. அதில் திசுவுக்குள் புகுந்த டி செல்களையும், ஆன்டிபாடி வந்து தாக்கிய தடயமாகக் குழாயில் ஒட்டியிருக்கும் சி4டி என்ற புரதத்தையும் தேடுவார்கள். சி4டி என்பது சி.டி4 இல்லை, பெயர் குழப்பும், கவனம். உறுப்பின் செல்கள் சாகும்போது ரத்தத்தில் கசியும் கொடையாளர் டி.என்.ஏவை அளக்கும் சோதனையும் இப்போது இருக்கிறது.

பத்து வருடம் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறேன். மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

நீங்களாகக் குறைக்கவே கூடாது. பத்து வருடம் ஆனாலும் அந்தச் சிறுநீரகத்தின் செல்களில் கொடையாளரின் எச்.எல்.ஏதான் இருக்கிறது. அது மாறுவதே இல்லை. உங்கள் தைமஸுக்கும் அதைப் புதிதாகக் கற்றுத்தர வழியில்லை. நன்றாக இருப்பதற்குக் காரணமே மாத்திரைதான். அடிக்கடி வேளை தவறுவது புது ஆன்டிபாடி உருவாவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. ஒரு வேளை தவறிவிட்டால், வாந்தி வயிற்றுப்போக்கு வந்தால், வேறு மருந்து தொடங்கினால், உடனே குழுவிடம் கேளுங்கள். சில ஆன்டிபயாட்டிக்குகளும் பூஞ்சை மருந்துகளும் டாக்ரோலிமஸ் அளவை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும்; காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அதைத் தரைமட்டமாக்கிவிடும்.

எல்லா உறுப்புக்கும் இதே கெடுபிடிதானா?

இல்லை. கருவிழியில் ரத்தக் குழாய் இல்லாததால் எதிர்ப்புச் செல்கள் எளிதில் அங்கே போவதில்லை, வழக்கமாக எச்.எல்.ஏ பார்க்காமலே வைக்கிறார்கள். கல்லீரல் இயல்பிலேயே பொறுமைசாலி, அதற்கும் எச்.எல்.ஏ பொருத்தம் பொதுவாகப் பார்ப்பதில்லை. எலும்பு மஜ்ஜைக்குத்தான் மிக நுணுக்கமான பொருத்தம் வேண்டும், ஏனென்றால் அங்கே இரண்டு பக்கமும் சண்டை வரலாம். புதிதாக வந்த மஜ்ஜையில் பிறக்கும் டி செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகப் பார்த்துத் தாக்கக்கூடும்.

யாருமே பொருந்தவில்லை, ஆன்டிபாடியும் அதிகம். வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. பொருந்தாத இரண்டு ஜோடிகள் கொடையாளர்களை மாற்றிக்கொள்வது ஒரு வழி. உங்கள் தம்பி இன்னொருவருக்கும், அவருடைய மனைவி உங்களுக்கும் தருவார்கள். ஜோடிகள் நிறையச் சேரச் சேர வாய்ப்பு கூடும். இன்னொரு வழி, பிளாஸ்மா வடிகட்டலாலும் மருந்துகளாலும் ஆன்டிபாடியைக் குறைப்பது. ஒரு பாக்டீரியாவின் நொதியிலிருந்து உருவான இம்லிஃபிடேஸ் என்ற மருந்து, ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி வகை ஆன்டிபாடிகளைச் சில மணி நேரத்தில் வெட்டிப்போட்டுவிடும். ஐரோப்பாவில் 2020-இல் அதற்கு நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆன்டிபாடி பிறகு திரும்பி வரும்; கிடைக்கும் அந்த இடைவெளியில் சிறுநீரகத்தை வைத்துவிடுகிறார்கள்.

மாத்திரையே இல்லாமல் வாழும் நாள் வருமா?

மெடாவரின் எலிக் குட்டிகள் காட்டிய கனவு அதுதான். சிறுநீரகத்தோடு அதே கொடையாளரின் எலும்பு மஜ்ஜையையும் வைத்து, எதிர்ப்பு மண்டலத்துக்கு மறுபடி பயிற்சி கொடுத்ததில், சிலர் பல ஆண்டுகள் மருந்தில்லாமல் இருந்திருக்கிறார்கள். கல்லீரல் பெற்றவர்களில் சிலர் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்த முடிந்திருக்கிறது. சண்டையை அடக்கும் டி செல்களைப் பெருக்கித் திரும்பச் செலுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. அந்தச் செல்களை ஷிமோன் சாகாகுச்சி 1995-இல் அடையாளம் கண்டது, சி.டி4 டி செல்களில் சி.டி25 என்ற அடையாளத்தைத் தேடித்தான். அந்தத் துறைக்கு 2025-இல் நோபல் பரிசு வந்தபோது எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அப்படி ஒரு மகிழ்ச்சி.

பன்றியின் உறுப்பை மனிதருக்கு வைத்தார்களே, அது எப்படி நிராகரிக்கப்படவில்லை?

பன்றியின் செல்களில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை இருக்கிறது. நம் முன்னோர்கள் சில கோடி ஆண்டுகளுக்கு முன்பே அதை இழந்துவிட்டதால் நமக்கு அதற்கு எதிரான ஆன்டிபாடி நிறைய உண்டு. சாதாரணப் பன்றி உறுப்பு நிமிடங்களில் அழிந்துவிடும். ஆகவே மரபணுத் திருத்தத்தால் அந்தச் சர்க்கரையை நீக்கி, ரத்தம் உறைவதையும் வீக்கத்தையும் தடுக்கும் மனிதப் புரதங்கள் சிலவற்றைச் செல் மேற்பரப்பில் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாண்டில் வைக்கப்பட்ட பன்றி இதயத்தில் 10 மரபணு மாற்றங்கள் இருந்தன. அதைப் பெற்றவர் சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் வைக்கப்பட்ட சிறுநீரகத்தில் 69 மாற்றங்கள். உயிரோடு இருந்த ஒருவருக்கு மரபணு திருத்திய பன்றியின் சிறுநீரகம் வைக்கப்பட்டது அதுவே முதல் முறை. பன்றிக்கும் எச்.எல்.ஏ போன்ற புரதங்கள் உண்டு, அவை அப்படியே இருக்கின்றன, அதனால் மருந்துகளும் தேவைப்படுகின்றன. பன்றி உறுப்புக்குக் காத்திருக்கும் ஒருவரின் சீரமும் கிராஸ்மேட்சுக்கு வரும். அன்றைக்கு நாங்கள் அதைக் கலந்து பார்ப்பது பன்றியின் வெள்ளணுக்களோடு.